வராதவருக்குப் போட்ட நாற்காலி: ஹாஃப்பேக் ஆஷ் டெய்லரின் கிளப் மாற்றம்

ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆட்டக்காரர் ஆஷ் டெய்லரைப் பற்றிப் பேச வேண்டுமானால், முதலில் டேலி செரி-எவன்ஸைப் பற்றிப் பேசியாக வேண்டும். 2015 மார்ச் மாதம், சிட்னியின் மேன்லி கிளப்புக்கு ஆடிவந்த செரி-எவன்ஸ் அடுத்த ஆண்டிலிருந்து கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸுக்கு வருகிறார் என்று அறிவிப்பு வந்தது. நான்கு ஆண்டு ஒப்பந்தம். 2011-இல், முதல் சீசனிலேயே மேன்லியோடு சாம்பியன் பட்டத்தைத் தொட்டவர் அவர், பிறப்பால் குயின்ஸ்லாந்துக்காரர். டைட்டன்ஸுக்கோ அது கெட்ட காலம். சில வாரங்களுக்கு முன்புதான் வீரர்கள் சிலர் போதைப்பொருள் வழக்கில் சிக்கியிருந்தனர். கிளப் கடனில் மூழ்கியது. ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் தொடரான என்.ஆர்.எல். நிர்வாகமே அதை எடுத்து நடத்த வேண்டிவந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்கு நாட்டின் முன்னணி ஹாஃப்பேக் (அணியின் ஆட்டத்தை வழிநடத்துகிறவர்) ஒருவர் வருகிறார் என்றால், விளக்கேற்ற ஒரு கை கிடைத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஜூன் மாதம் அவர் மனம் மாறினார். அன்றைய விதிப்படி வேறு கிளப்போடு ஒப்பந்தம் போட்டுவிட்ட வீரர், பதின்மூன்றாம் சுற்றுக்குள் மனம் மாறினால் பழைய கிளப்பிலேயே தங்கிவிடலாம். செரி-எவன்ஸ் அந்தக் கதவு வழியாக மேன்லிக்கே திரும்பினார். எட்டு ஆண்டு, ஏறத்தாழ ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று செய்தித்தாள்கள் எழுதின. அதன்பின் பல ஆண்டுகள் கோல்ட் கோஸ்டின் ரோபினா மைதானத்தில் அவர் கையில் பந்து போனபோதெல்லாம் கூச்சல் எழுந்தது. அந்த விதியும் அதிக நாள் நிலைக்கவில்லை.

ஆக, டைட்டன்ஸிடம் 2016-க்கான ஏழாம் எண் சட்டை, அதாவது ஹாஃப்பேக்கின் சட்டை, ஆளில்லாமல் நின்றது. ஏற்கெனவே அந்த இடத்தில் ஆடிவந்த எய்டன் செசர் கான்பெர்ராவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அதே ஆண்டில், ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலிருக்கும் பிரிஸ்பேனிலிருந்து, இருபது வயது இளைஞர் ஒருவரை டைட்டன்ஸ் எடுத்தது. முதல் அணிக்காக அவர் ஆடியிருந்தது ஒரே ஒரு ஆட்டம். அவர்தான் ஆஷ் டெய்லர்.

இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டெய்லரின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 'திறமை இருந்தது, ஆனால்…' என்று தொடங்குவார்கள். அந்த 'ஆனால்' அவர் உடம்பிலும் மனத்திலும் மட்டும் இருந்ததாகவே கதை போகும். அவரை எடுத்த கிளப்புக்கு என்ன வடிவத்தில் ஓட்டை இருந்தது, அந்த ஓட்டையை அடைக்க என்ன விலை போட்டார்கள் என்று பார்க்கிறவர்கள் குறைவு.

ஏழாம் எண்ணின் வேலை

இலங்கையில் பள்ளி ரக்பி பார்த்து வளர்ந்தவர்கள் அறிந்தது பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன். ரக்பி லீக், 1895-இல் வட இங்கிலாந்தில் அதிலிருந்து பிரிந்த கிளை. பதின்மூன்று பேர் ஆட்டம். பந்தோடு ஓடுகிறவரை மடக்கிவிட்டால் அவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னால் உருட்டுவார். இப்படி ஆறு முறை மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகவே ஐந்து முறை மடக்கப்பட்டதும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். எங்கே உதைப்பது, எவ்வளவு உயரம், யாரைத் துரத்த அனுப்புவது என்பதை முடிவு செய்கிறவர் ஹாஃப்பேக். அவருக்குத்தான் ஏழாம் எண். பக்கத்தில் ஆறாம் எண் அணிந்த ஃபைவ்-எய்த் இருப்பார்; இருவரும் சேர்ந்து அணியை ஓட்டினாலும் சுக்கான் ஏழாம் எண்ணின் கையில்தான்.

எண்பது நிமிடத்தில் அவர் வேலை பந்து வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மூன்று டேக்கிளுக்கு (மடக்கலுக்கு) முன்னாலேயே, வலப்பக்கம் எதிரணித் தடுப்பாளர் ஒருவர் மூச்சு வாங்குகிறார் என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். தன்னைவிட நாற்பது கிலோ கூடுதலான ஆளைக் 'கொஞ்சம் தள்ளி நில்' என்று கத்தி நிறுத்த வேண்டும். பந்து கையில் வந்ததும் எஞ்சுவது ஒரு நொடிக்கும் குறைவு. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேலை. கண்ணுக்குத் தெரிவது நீண்ட பாஸ், உருண்டோடும் உதை, எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றிப் புள்ளி எடுக்கும் ட்ரை. இருபது வயதில் தெரிகிறவை இவைதான். மற்றவை இருபத்தைந்தில் வரலாம், வராமலும் போகலாம். மெல்போர்ன் அணியின் கூப்பர் கிராங்க்கூட முதலிரு சீசன்களில் மாற்று ஆட்டக்காரராகப் பல இடங்களில் ஆடிவிட்டு, மேட் ஆர்ஃபர்ட் கிளம்பிய பிறகுதான் 2006-இல் ஏழாம் எண்ணை எடுத்தார்.

டூவூம்பா

டெய்லர் 1995 மார்ச்சில் டூவூம்பாவில் பிறந்தார். பிரிஸ்பேனுக்கு மேற்கே, ஏறத்தாழ 125 கிலோமீட்டரில், மலைத்தொடரின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் ஊர். பூந்தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது, ஹாஃப்பேக்குகளுக்கும்தான். 1920-களில் டங்கன் தாம்சன் என்ற ஹாஃப்பேக் சிட்னியில் நார்த் சிட்னி கிளப்போடு 1921, 1922 என்று இரு பட்டங்களை வென்றுவிட்டு இந்த ஊருக்கு வந்தார். முதல் உலகப் போரில் மார்பில் குண்டு பாய்ந்து பிழைத்தவர். டூவூம்பா அணியை அவர் ஆடவைத்த முறைக்கு 'ஒப்பந்த ஆட்டம்' என்று பெயர். பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பந்து வைத்திருப்பவனுக்கும் துணைக்கு ஓடிவருகிறவனுக்கும் இடையே எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு: நீ சரியான இடத்துக்கு வந்து சேர், பந்து உன்னிடம் வரும். வந்து சேர்ந்தவனுக்குப் பந்து கொடுக்காதவன் ஒப்பந்தத்தை மீறியவன்.

இந்த இரண்டு ஒப்பந்தங்களையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. டெய்லரின் கதையில் எல்லோரும் பேசியது பணம் எழுதிய தாளைப் பற்றி. ஆட்டத்தைக் கெடுத்தது மற்றது.

டெய்லர் பழங்குடி மரபில் வந்தவர். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆஸ்திரேலிய வர்ணனையாளர்கள் பழங்குடி ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும்போது 'பிறவித் திறமை' என்ற சொல்லுக்குக் கை தானாக நீளும். பாராட்டுத்தான். ஆனால் பிறவித் திறமை என்று சொல்லிவிட்டால், அடுத்து ஆட்டம் சறுக்கும்போது 'உழைக்கவில்லை' என்று சொல்வது எளிதாகிவிடுகிறது. டெய்லரின் நடையே பரபரப்பில்லாத நடை. வென்ற வாரம் அதைப் 'பதற்றமில்லாதவர்' என்றார்கள். தோற்ற வாரம் 'அக்கறையில்லாதவர்' என்றார்கள். நடை மாறவில்லை.

பிரிஸ்பேனில் இடமில்லை

பிரிஸ்பேன் பிராங்கோஸின் இருபது வயதுக்குட்பட்டோர் அணியில் அவர் பெயர் பரவியது. அந்தத் தேசிய இளையோர் தொடர் 2008 முதல் 2017 வரை நடந்தது. பார்க்க அழகான ஆட்டம். தடுப்பாட்டம் மட்டும் தளர்வு. 2014 இறுதிப்போட்டியில் நியூசிலாந்து வாரியர்ஸின் இளையோரிடம் பிராங்கோஸ் இளையோர் 34–32 என்று தோற்றார்கள் என்பதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். இடைவெளி நிறைய கிடைக்கும் ஆட்டத்தில் நல்ல பாஸ் கொடுக்கும் ஹாஃப்பேக் தெய்வம்போல் தெரிவார். பெரியவர்களின் ஆட்டத்தில் அந்த இடைவெளியை அவரேதான் உண்டாக்க வேண்டும். இந்தத் தொடரை நிறுத்தியதற்குச் செலவுதான் பெரிய காரணம். ஆனால் பல இளம் ஹாஃப்பேக்குகளின் மதிப்பை அது ஊதிவிட்டது என்பதும் உண்மை என்றே நான் நினைக்கிறேன்.

2015-இல் பிராங்கோஸுக்கு வெய்ன் பென்னட் பயிற்சியாளராகத் திரும்பிவந்திருந்தார். ஏழாம் எண் பென் ஹன்ட்டிடம் இருந்தது. ஆறாம் எண்ணுக்குக் கான்பெர்ராவிலிருந்து ஆன்டனி மில்ஃபர்டைக் கொண்டுவந்திருந்தார்கள். இருவருமே இளையவர்கள், அணியோ ஏறுமுகத்தில். டெய்லர் காத்திருந்தால் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அக்டோபரில் பிராங்கோஸ் இறுதிப்போட்டிக்கே போனது. நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸிடம் கூடுதல் நேரத்தில் 17–16 என்று தோற்றது. கூடுதல் நேரத்தின் முதல் உதையைப் பிடிக்க முடியாமல் பந்தை நழுவவிட்டவர் ஹன்ட். அடுத்த சில நிமிடங்களில் ஒற்றைப் புள்ளி உதையால் பட்டத்தை எடுத்துப்போனவர் ஜொனாதன் தர்ஸ்டன். ஹன்ட் அந்த ஒரு பந்தைப் பல ஆண்டுகள் சுமந்தார். ஏழாம் எண் சட்டை எவ்வளவு கனம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே டெய்லர் கிளம்பியது தவறான முடிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இருபது வயதில், முன்னால் இரண்டு பேர் நிற்கும்போது, பக்கத்து ஊரில் கதவு திறந்தால் எவரும் போவார்கள். கேள்வி, அவர் போனது சரியா என்பதல்ல. போன இடத்தில் எவ்வளவு தாங்குகட்டை இருந்தது என்பதே.

ஒரு நல்ல ஆண்டு

2016 நல்ல ஆண்டு. அதில் சந்தேகமே வேண்டாம். சீசனுக்கு முன்பே இன்னொரு இளம் ஹாஃப்பேக்கான கேன் எல்கி முழங்கால் தசைநார் கிழிந்து ஆண்டு முழுக்க விலகினார். அனுபவம் என்று பார்த்தால், நியூகாசிலிலிருந்து வந்த டைரோன் ராபர்ட்ஸ் ஆறாம் எண்ணில் துணை நின்றார். முதல் சுற்றில் அதே நியூகாசிலை டைட்டன்ஸ் 30–12 என்று வென்றது. முந்தைய ஆண்டு 14-ஆம் இடத்தில் முடித்த அணி, பலரும் இம்முறையும் கீழே வைத்திருந்த அணி, பயிற்சியாளர் நீல் ஹென்றியின் கீழ் எட்டாம் இடம் பிடித்து, முதல் எட்டு அணிகள் மோதும் இறுதிச்சுற்றுக்குள் நுழைந்தது. டெய்லர் இருபுறமும் நீளமாக வீசினார். கோட்டருகே தடுப்பாளர்களின் கால்களுக்கிடையே பந்தை உருட்டிவிட்டார். ஆட்டம் இறுகும்போது முகம் மாறாமல் நின்றார். ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான டேலி எம் விருது அவருக்கு வந்தது.

இறுதிச்சுற்றின் முதல் வாரத்தில் எதிரணி யார் என்று பார்த்தால், பிராங்கோஸ். பிரிஸ்பேன் சன்கார்ப் மைதானம். 44–28 என்று டைட்டன்ஸ் தோற்று வெளியேறியது. அவரை அனுப்பிய வீட்டின் வாசலிலேயே ஆண்டு முடிந்தது.

இந்த ஒரு ஆண்டை அப்படியே எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். எதிர்பார்ப்பு குறைவு, சம்பளம் குறைவு, துணைக்கு ஓடுகிறவர்கள் தங்கள் இடம் அறிந்தவர்கள். தாம்சன் சொன்ன ஒப்பந்தம் நடந்துகொண்டிருந்தது. டெய்லர் பந்தை வீசிய இடத்தில் ஆள் இருந்தான்.

ஆனால் அந்த ஆகஸ்டிலேயே டைட்டன்ஸ் ஜாரிட் ஹெய்னைக் கூட்டி வந்திருந்தது. அமெரிக்கக் கால்பந்துக்குப் போய்விட்டு, ஃபிஜியின் எழுவர் ரக்பி அணியிலும் முயன்றுவிட்டுத் திரும்பியவர். லீக்கில் அவரைவிடப் பெரிய பெயர் அப்போது அதிகம் இல்லை. பெரிய பெயர் ஒன்று அணிக்குள் வந்தால், பந்து எங்கே போக வேண்டும் என்பதை ஹாஃப்பேக் மட்டும் முடிவு செய்ய முடியாது. 2017-இல் ஹெய்னுக்கும் பயிற்சியாளர் ஹென்றிக்கும் இடையே விரிசல் வெளிப்படையானது. ஆகஸ்டில் ஹென்றியைக் கிளப் அனுப்பியது; கொஞ்ச நாளில் ஹெய்னும் போய்விட்டார். அணி 15-ஆம் இடம். இருவரில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு வழக்கு. நடுவில் நின்றவர் இருபத்திரண்டு வயது ஹாஃப்பேக் என்பதுதான் இந்த வழக்கு.

பத்து லட்சம்

மற்றக் கிளப்புகளின் கண் அவர்மீது விழுந்தது. டைட்டன்ஸ் விடவில்லை. 2019 முதல் 2021 முடிய மூன்று ஆண்டுகளுக்கு முப்பது லட்சம் ஆஸ்திரேலிய டாலர், அதாவது ஆண்டுக்குப் பத்து லட்சம் என்று செய்தித்தாள்கள் எழுதின.

இந்தத் தொகையை என்.ஆர்.எல். கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிளப்பும் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2018-இல் அது 30 வீரர்களுக்கு 94 லட்சம் டாலர். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். ஒருவருக்குப் பத்து லட்சம் என்றால் மூன்று பேருக்கான பங்கு ஒருவர் தட்டில் விழுகிறது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம். அந்தப் பணத்தில் வாங்கியிருக்கக்கூடிய முன்வரிசை ஆள் ஒருவர், மையத்தில் ஓடும் ஆள் ஒருவர் அணியில் இல்லாமல் போகிறார்கள். ஹாஃப்பேக்குக்கு முன்னால் வழி திறந்துகொடுக்க வேண்டியவர்களே அவர்கள்தான். பணம் கொடுத்து மாலுமியை வாங்கிவிட்டுத் துடுப்பு வாங்கக் காசில்லை என்று நிற்பதுபோல.

அப்படியென்றால் டைட்டன்ஸ் ஏன் கொடுத்தது? டெய்லர் அந்த விலைக்குரியவரா என்று அவர்கள் எடைபோட்டுப் பார்த்தார்கள் என்று நான் நம்பவில்லை. 2015 ஜூன் மாதத்துக் காயம் அவர்களுக்கு ஆறவில்லை. இன்னொரு ஹாஃப்பேக் கைவிட்டுப் போனால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் இருந்தது. 2007-இல் பிறந்த கிளப் அது. முதல் ஆறு ஆண்டுகள் ஸ்காட் பிரின்ஸ் ஏழாம் எண்ணைக் காத்தார், 2010-இல் இறுதிப்போட்டிக்கு ஒரு படி கீழ்வரை கொண்டுபோனார். அவர் போனபின் அந்த இடம் உறுதிப்படவே இல்லை. பத்து லட்சம் என்பது டெய்லரின் விலை அல்ல. டைட்டன்ஸின் பயத்தின் விலை. ஆனால் சீட்டு ஒட்டப்பட்டது டெய்லரின் முதுகில்.

அதன்பின் அவர் ஆட்டத்தைத் தனியாக யாரும் பார்க்கவில்லை. நல்ல ஹாஃப்பேக்கா என்ற கேள்வி போய், பத்து லட்சத்துக்கு ஏற்ற ஹாஃப்பேக்கா என்ற கேள்வி வந்தது. ஒரு வாரம் கீழணிக்குப் போக வேண்டியிருந்தால் மற்றவர்களுக்கு அது பயிற்சி. அவருக்குத் தலைப்புச் செய்தி.

விடுப்பு

2018-இல் புதுப் பயிற்சியாளர் கார்த் பிரென்னன். அணி 14-ஆம் இடம். 2019-இல் இன்னும் மோசம்: 24 ஆட்டங்களில் நான்கு வெற்றி, கடைசி இடம். ஜூலையில் பிரென்னனையும் அனுப்பினார்கள். அந்த ஆண்டின் நடுவிலேயே டெய்லர் மனநலம் கருதி விளையாட்டிலிருந்து விடுப்பு எடுத்தார். அதைப் பற்றிப் பின்னர் அவரே வெளிப்படையாகப் பேசினார். அந்த நாட்களின் சொந்த விஷயங்களைத் தோண்ட இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. தேவையானது ஒன்றே: புது ஒப்பந்தத்தின் முதல் ஆண்டிலேயே இது நடந்தது.

2020-இல் மூன்றாம் பயிற்சியாளர் ஜஸ்டின் ஹோல்புரூக் வந்தார். பெருந்தொற்றால் இரண்டு சுற்றோடு நின்ற தொடர் மே இறுதியில் மீண்டும் தொடங்கியபோது விதி ஒன்றையும் மாற்றிவிட்டார்கள். மடக்கியவர்கள் மேலேயே கிடந்து நேரம் கடத்தினால் விசில் அடித்து ஆட்டத்தை நிறுத்துவதில்லை; ஆறு டேக்கிளும் புதிதாகத் தொடங்கும், ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டம் வேகமானது, மூச்சு விட இடைவெளி குறைந்தது. நின்று பார்த்து வீசும் ஹாஃப்பேக்குக்கு இது நல்ல செய்தியல்ல.

அந்தச் சீசனில்தான் ஜமால் ஃபோகார்ட்டி ஏழாம் எண்ணைப் பிடித்தார். இருபத்தாறு வயது, இளம் வயதில் யாரும் மேடை போட்டுக் கொண்டாடாதவர், உள்ளூர் பர்லே பேர்ஸ் அணியில் குயின்ஸ்லாந்து மாநிலக் கோப்பை ஆடிப் பழுத்தவர். அவர் அணியை நிறுத்தி, கத்தி, உதைத்து நடத்தினார். டெய்லர் ஆறாம் எண்ணுக்கு நகர்ந்தார். சீசனின் கடைசி ஐந்து ஆட்டங்களையும் டைட்டன்ஸ் வென்று ஒன்பதாம் இடம் பிடித்தது. கண்ணுக்குத் தெரியாத வேலையை ஃபோகார்ட்டி எடுத்துக்கொண்டதும் டெய்லரின் ஆட்டம் இலகுவானது என்பது என் கணிப்பு. அவரைத் தொடக்கத்திலேயே இப்படி ஒருவரின் பக்கத்தில் மூன்று ஆண்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. நினைத்து என்ன செய்ய.

2021-இல் கிளப்பின் பணம் வேறு பக்கம் திரும்பியது. டேவிட் ஃபிஃபிட்டா, டீனோ ஃபாசுவாமலாவி என்று முன்வரிசைப் பலசாலிகள் வந்தார்கள். துடுப்பு வாங்கத் தொடங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டு முடிவில் டெய்லரின் ஒப்பந்தம் தீர்ந்தது. புதுப்பிக்கவில்லை.

அடுத்து அவர் சேர்ந்தது நியூசிலாந்து வாரியர்ஸ். முதலில் சோதனை முறையில் பயிற்சிக்கு, பிறகு ஒப்பந்தம். எல்லை மூடல் காரணமாக வாரியர்ஸ் அப்போது பிரிஸ்பேனுக்கு அருகே ரெட்கிளிஃபில் முகாமிட்டிருந்ததால், வேறு நாட்டுக் கிளப்புக்குப் போயும் குயின்ஸ்லாந்தை விட்டு நகர வேண்டியிருக்கவில்லை. இடுப்பு மூட்டு வலி முன்பே இருந்தது, அது விடவில்லை. ஒரே ஒரு ஆட்டத்தோடு, 2022 மே மாதம், இருபத்தேழு வயதில் அவர் ஓய்வு பெற்றார். பிராங்கோஸுக்கு ஒன்று, வாரியர்ஸுக்கு ஒன்று, நடுவில் டைட்டன்ஸுக்கு நூற்றுக்கு மேல். இருபத்தேழு என்பது பல ஹாஃப்பேக்குகள் உச்சத்தைத் தொடுகிற வயது.

இரு ஒப்பீடுகள்

இளம் ஹாஃப்பேக் கிளப் மாறினால் இப்படித்தான் முடியும் என்றால், தர்ஸ்டனை என்ன செய்வது? பிறந்தது பிரிஸ்பேனில் என்றாலும் அவரும் டூவூம்பாவில் படித்து ஆடி வளர்ந்தவர். அவரும் பழங்குடி மரபினர். அவரும் பெரிய கிளப் ஒன்றில் இன்னொருவருக்குப் பின்னால் காத்திருந்தவர்: சிட்னி புல்டாக்ஸ் 2004-இல் பட்டம் வென்றபோது மாற்று ஆட்டக்காரராக இறங்கினார், காயத்தால் ஆட முடியாமல் போன கேப்டன் ஸ்டீவ் பிரைஸுக்குத் தன் வெற்றி மோதிரத்தைக் கொடுத்துவிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. 2005-இல், இருபத்திரண்டை எட்டும் வயதில், குயின்ஸ்லாந்தின் சிறிய கிளப்பான கவ்பாய்ஸுக்குப் போனார். அந்த ஆண்டே, தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான டேலி எம் பதக்கம். அந்த ஆண்டே கிளப்பின் முதல் இறுதிப்போட்டி. 2018 வரை அங்கேயே ஆடி, நான்கு முறை அந்தப் பதக்கத்தை வென்று, 2015-இல் பட்டமும் வாங்கிக் கொடுத்தார்.

ஒரே ஊர், ஒரே பாதை. முடிவு மட்டும் வேறு. தர்ஸ்டன் அபூர்வம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், பொய்யும் அல்ல. ஆனால் அவர் போன இடத்தையும் பார்க்க வேண்டும். தர்ஸ்டன் வருவதற்கு முந்தைய ஆண்டே கவ்பாய்ஸ் இறுதிப்போட்டிக்கு ஒரு படி கீழே வந்து, சிட்னி ரூஸ்டர்ஸிடம் 19–16 என்று தோற்றிருந்தது. பின்வரிசையில் மேட் போவன் மின்னலாக ஓடிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் கிரஹாம் மர்ரி 2002-இல் வந்தவர், 2008 வரை இருந்தார். கட்டி முடித்த வீட்டுக்குக் கதவு வைக்கப் போனார் தர்ஸ்டன். டெய்லரிடம் அஸ்திவாரத்தைத் தோண்டச் சொன்னார்கள். ஆறு ஆண்டில் மேஸ்திரியையும் இரண்டு முறை மாற்றினார்கள்.

இன்னொருவர் சாம் வாக்கர். இப்ஸ்விச்சில் வளர்ந்தவர்; பிராங்கோஸால் தக்கவைக்க முடியாமல்போன இன்னொரு ஹாஃப்பேக். சிட்னி ரூஸ்டர்ஸுக்குப் போனார். 2021-இல் பதினெட்டு வயதிலேயே முதல் அணிக்கு இறங்க வேண்டிவந்தது. அந்த ஆண்டு இறுதிச்சுற்றில் 25–24 என்று டைட்டன்ஸை வெளியேற்றியது அவர் காலிலிருந்து போன ஒற்றைப் புள்ளி உதை. டெய்லரின் டைட்டன்ஸ் ஒப்பந்தம் முடிந்த ஆண்டும் அதுவே. ஆனால் நான் கவனித்தது அந்த உதையை அல்ல. 2023-இல் வாக்கரின் ஆட்டம் தளர்ந்தபோது ரூஸ்டர்ஸ் அவரைக் கீழணிக்கு அனுப்பியது. 2013 முதல் அதே பயிற்சியாளர் டிரென்ட் ராபின்சன். அனுப்பியவரே பிறகு திருப்பியும் அழைத்தார். கிளப் கலங்கவில்லை, ஊர் கலங்கவில்லை. தடுமாறவும் இடம் கொடுக்கும் கிளப் என்பது அதுதான்.

நாற்காலி இன்னும் இருக்கிறது

டெய்லர் காலிசெய்த டைட்டன்ஸில் 2022-இல் ஏழாம் எண் டோபி செக்ஸ்டனுக்குப் போனது. கோல்ட் கோஸ்டுப் பையன், மீண்டும் இருபத்தொரு வயதுக்குள். ஃபோகார்ட்டியைக் கான்பெர்ராவுக்கு அனுப்பிவிட்டுத்தான் அந்த இடத்தைக் கொடுத்தார்கள். அதாவது, பக்கத்தில் நிற்க வேண்டிய மூத்தவரை வெளியேற்றிவிட்டு. அந்த ஆண்டு அணி பதின்மூன்றாம் இடம். 2023 நடுவில் செக்ஸ்டன் சிட்னி புல்டாக்ஸுக்கு மாறினார். அங்கே கேமரன் சிரால்டோவின் பயிற்சியில் நிதானமாக வளர்ந்தார். 2025-இல் அவர் ஏழாம் எண்ணோடு ஆடிய புல்டாக்ஸ் அட்டவணையின் மேல்வரிசையில் இருந்தது.

அப்போதுதான் லாக்லன் கால்வின் வந்தார். வெஸ்ட்ஸ் டைகர்ஸின் பத்தொன்பது வயது ஃபைவ்-எய்த்; கிளப் நீட்டிய நீண்ட காலப் பெரிய ஒப்பந்தத்தை ஏப்ரலில் வேண்டாம் என்றார்; சக வீரர்கள் சிலர் சமூக வலைத்தளத்தில் கசப்பைக் காட்டினார்கள்; கிளப் அவரைக் கீழணிக்கு அனுப்பிவிட்டு, மே இறுதியில் விடுவித்தது. 2028 முடிய புல்டாக்ஸ் எடுத்தது. ஜூன் மாத அரசர் பிறந்தநாள் விடுமுறை ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். பாராமட்டாவை அணி 30–12 என்று வென்றது. இறுதிச்சுற்று நெருங்கும்போது ஏழாம் எண் வேலை கால்வினிடம் போயிருந்தது, செக்ஸ்டன் வெளியே இருந்தார். மெல்போர்னிடம் 26–18, பென்ரித்திடம் 46–26 என்று இரண்டு தோல்விகளோடு புல்டாக்ஸின் ஆண்டு முடிந்தது.

கால்வின் ஹாஃப்பேக்கா, ஃபைவ்-எய்த்தா என்று சிட்னியில் அப்போதும் வாதம் நடந்துகொண்டிருந்தது. செக்ஸ்டன் 2026-க்குப் பிரான்சின் கேட்டலன்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார்.